லீட் கிட்டாரும் லேத் பட்டறையும்

அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி பக்கங்களில் எலெக்ட்ரிக் கிட்டார் அதிகம் ஒலிப்பது ராக் மேடைகளில் அல்ல, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைகளில். தகர ஷீட் போட்ட சிறிய ஜெபவீடு தொடங்கிப் பெரிய சபைகள் வரை கீபோர்டு, ட்ரம்ஸ், பாஸ், லீட் என்று ஒரு குழு இருக்கும். அடுத்த இடம் கல்யாண ரிசப்ஷனிலும் ஆடி மாதத் திருவிழாவிலும் வாசிக்கும் லைட் மியூசிக் குழுக்களுக்கு. என்ஜினியரிங் கல்லூரி பாண்டுகள் அதற்கும் பிறகுதான். கிட்டாரைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ஜிமி ஹெண்ட்ரிக்ஸிலிருந்து தொடங்குவது வழக்கம். அதனால்தான் அவர்கள் சொல்லும் யோசனைகள் இங்கே பாதிக்குமேல் உதவுவதில்லை.

இங்கே ஒரு லீட் கிட்டார் என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். உறையில் போட்டு முதுகில் மாட்டி பைக்கில் போகிறது. மே மாதத்தில் ஃபேன் மட்டும் சுழலும் கூடத்தில் இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்து வாசிக்கப்படுகிறது. கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் அநேகமாகக் கிடையாது. காலடியில் கிடக்கும் ப்ராசஸரிலிருந்து நேராக மிக்ஸர், அங்கிருந்து அஹூஜா ஆம்ப்ளிஃபையர், சுவரில் மாட்டிய பெட்டி. வாசிக்கிறவர் திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டியவர். இப்படிப்பட்டவருக்கு வேண்டியது ஸ்ருதி நிற்கும் கிட்டார், இரையாத கிட்டார், ஜாக் கழன்று விழாத கிட்டார். தலைப்பகுதியில் என்ன பெயர் பொறித்திருக்கிறது என்பது இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிற விஷயம். வாங்குவது, மாற்றியமைப்பது, சேகரிப்பது ஆகிய மூன்றையும் இந்த உழைப்பின் பக்கமிருந்து பார்த்தால் என்ன தெரிகிறது என்பதே இந்தக் கட்டுரை.

சென்னையில் மேலைநாட்டு வாத்தியக் கடை என்றால் முதலில் சொல்ல வேண்டியது அண்ணா சாலை மியூசி மியூசிகல். 1842இல் மிஸ்கித் கம்பெனியாகத் தொடங்கியது. பியானோ, வயலின், டிரினிட்டி காலேஜ் தேர்வுகள் என்று அதன் உலகம் கொஞ்சம் துரைத்தனமானது. எலெக்ட்ரிக் கிட்டார் நகரத்துக்குள் பரவியது வேறு வாசல்களால்: பெரம்பூர்ப் பக்கத்து ஆங்கிலோ இந்திய ரயில்வே குடும்பங்கள், சர்ச்சுகள், கோடம்பாக்கத்து ரெக்கார்டிங் தியேட்டர்கள். இளையராஜாவே இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியிடம் கிட்டார் வாசித்தவர். டிரினிட்டியின் கிளாசிகல் கிட்டார் தேர்வு எழுதியவர். 1976இல் ‘அன்னக்கிளி’க்குப் பிறகு வந்த பாட்டுகளில் கிட்டாரும் பாஸ் கிட்டாரும் பின்னணிச் சத்தமாக இல்லாமல் தனிக்குரலாகப் பேசத் தொடங்கின. அந்தப் பாட்டுகளை மேடையில் அப்படியே வாசித்துக் காட்டத்தான் லைட் மியூசிக் குழுக்கள். ஆகவே ஒவ்வொரு குழுவுக்கும் கிட்டார் தேவைப்பட்டது. ஊரிலோ நல்ல கிட்டார் இல்லை.

1991க்கு முந்தைய இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுக் கிட்டார் என்றால் யாராவது கப்பலிலோ விமானத்திலோ கொண்டுவந்தால்தான் உண்டு. மற்றவர்களுக்குக் கல்கத்தாவில் செய்த கிட்டார்கள்தான் கதி. கிவ்சன், ஹோப்னர் என்று ஓர் எழுத்தை மாற்றி, அமெரிக்க கிப்ஸனையும் ஜெர்மனியின் ஹோஃப்னரையும் நினைவூட்டும் பெயர்களோடு அவை வந்தன. இன்றைக்கு அந்தப் பெயர்களைச் சொன்னால் பையன்கள் சிரிக்கிறார்கள். அவர்களுடைய அப்பாக்கள் அதில்தான் கற்றுக்கொண்டார்கள். குறைகள் உண்மைதான்: கம்பி பலகையிலிருந்து எட்டி நிற்கும், விரல் புண்ணாகும், மேல் ஃப்ரெட்டுகளில் ஸ்ருதி விலகும், சத்தம் கூட்டினால் பிக்கப் கீச்சிடும். அதனால் வாங்கிய அன்றே அதைப் பிரித்துச் சரிசெய்யாமல் வேறு வழியில்லை. மேலைநாட்டில் கிட்டாரை மாற்றியமைப்பது ரசனையாக வளர்ந்தது என்றால், இங்கே அது பிழைப்பாகத் தொடங்கியது.

இந்த வரலாற்றில் பலரும் அறியாத ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்க ஃபெண்டர் நிறுவனம் மலிவு விலை கிட்டார்களுக்கென்று 1982இல் ஸ்கொயர் என்ற பெயரைக் கையிலெடுத்தது. முதலில் ஜப்பானிலும் பிறகு கொரியாவிலும் செய்தார்கள். 1980களின் கடைசியில், இன்னும் மலிவாகச் செய்ய இடம் தேடி, கொஞ்ச காலம் இந்தியாவுக்கும் வந்தார்கள். ஸ்கொயர் II என்றும் சன் மஸ்டாங் என்றும் பெயரிட்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வடிவ கிட்டார்கள் இங்கே தயாராகி வெளிநாட்டுக்குப் போயின. முயற்சி நீடிக்கவில்லை. இங்கே பத்தில் ஒருவரிடம்கூட நல்ல கிட்டார் இல்லாத காலத்தில், இந்தியாவில் செய்த ஃபெண்டர் வடிவ கிட்டாரில் இங்கிலாந்துப் பையன்கள் பழகிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் எரிச்சலும் வருகிறது.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் போகிறவர்கள் ரயிலில் சென்ட்ரல் இறங்கி அண்ணா சாலைக்குப் போகிறார்கள்; பூந்தமல்லிக்காரர்கள் போரூர், ஆற்காடு சாலை வழியாக வடபழனிக்கு. பாதிப்பேர் கடைக்கே போவதில்லை, போனில் பார்த்து வரவழைத்துவிடுகிறார்கள். கிடைக்கும் பெயர்கள் டஜனுக்குமேல்: யமஹா பசிஃபிகா, ஐபனெஸ், ஸ்கொயர், எபிஃபோன், கோர்ட், அப்புறம் வால்ட், கேடன்ஸ் போன்ற இந்தியப் பெயர்கள். இந்தப் பெயர்களுக்காகக் கட்சி பிரிந்து சண்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கோர் டெக் என்ற கொரிய நிறுவனத்துக்கு இந்தோனேஷியாவில் தொழிற்சாலை இருக்கிறது. சொந்தமாக கோர்ட் கிட்டார்களைச் செய்கிற அதே நிறுவனம்தான் ஸ்கொயருக்கும் ஐபனெஸுக்கும் வேறு சிலருக்கும் பல மாடல்களைச் செய்து கொடுக்கிறது. ஸ்கொயர் கிட்டாரின் வரிசை எண் ஐ, சி, எஸ் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடு தொடங்கினால் அது இந்தோனேஷியக் கோர்ட் தயாரிப்பு. ஆக, மலிவு விலை வரம்புக்குள் நீங்கள் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் வடிவத்தையும் சாயத்தையும் பிக்கப் அமைப்பையும்தான். வேலைத்தரம் ஏறக்குறைய ஒன்றே.

வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது கையால் செய்த நம் நாட்டு வாத்தியங்களுக்கு வரிவிலக்கு. கிட்டாருக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் அது 18 ஆகக் குறைந்தது. இறக்குமதித் தீர்வையையும் சேர்த்தால், அமெரிக்க விலையை இணையத்தில் பார்த்துவிட்டு இங்கே கடைக்காரரிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

நான் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அது செட்டப்பைப் பற்றித்தான். பெட்டியிலிருந்து எடுத்த கிட்டார் வாசிக்கத் தயாரான கிட்டார் அல்ல. ஆறு கம்பிகளும் சேர்ந்து நாற்பது கிலோவை ஒட்டிய இழுவிசையைக் கழுத்தின்மேல் செலுத்துகின்றன. அதை எதிர்த்து நிற்கத்தான் கழுத்துக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. இந்தோனேஷியாவில் ஒரு ஈரப்பதத்தில் சரிசெய்து அனுப்பியது கப்பலில் வெந்து, கிடங்கில் கிடந்து, சென்னையின் காற்றுக்கு வரும்போது கழுத்து வேறு வளைவில் நிற்கிறது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் பார்த்தால் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் 0.2 அல்லது 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரம் ஒன்றரையிலிருந்து இரண்டு மி.மீ. வரை. பிறகு அதே பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் அழுத்தி எழுப்பும் ஸ்வரமும் ஒன்றாக நிற்கும்வரை பிரிட்ஜில் உள்ள குட்டித் திருகுகளைத் திருப்பிக் கம்பி தாங்கிகளை முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும்.

இது மந்திரமல்ல. ஒரு ஃபீலர் கேஜ், ஒரு ஸ்டீல் ஸ்கேல், இரண்டு ஆலன் கீ, ஒரு ட்யூனர் போதும். ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்குமேல் ஒரே நேரத்தில் திருப்பக்கூடாது என்ற நிதானமும் வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் ஃபீலர் கேஜ் பிடிக்கத் தெரியும். ஆனால் வாசிக்கிறவர்களில் முக்கால்வாசிப்பேர் தங்கள் கிட்டாரை வாழ்நாளில் ஒருமுறைகூட செட்டப் செய்ததில்லை. விரல் வலிக்கிறது, ஸ்ருதி நிற்கவில்லை என்று சொல்லி விலை கூடின கிட்டாருக்குப் போகிறார்கள். அதையும் செட்டப் செய்யாமலே வாசிக்கிறார்கள். பதினைந்தாயிரம் ரூபாய் கிட்டாரை ஒழுங்காகச் செட்டப் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, செட்டப் செய்யாத ஐம்பதாயிரம் ரூபாய் கிட்டாரோடு ஒப்பிட்டு வாசித்துப் பாருங்கள். எதைக் கீழே வைக்க மனம் வராது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பழையது வாங்குவதில் இந்த அறிவு இன்னும் அதிகம் பயன்படும். பொறியியல் முடித்து வெளியூர் போகிற பையன்கள் விற்றுவிட்டுப் போகும் பசிஃபிகாக்கள் இந்தப் பக்கம் எப்போதும் கிடைக்கும். பார்க்க வேண்டியவை கழுத்தும் ஃப்ரெட்டும் ட்ரஸ் ராடும். துப்பாக்கி குறிபார்ப்பதுபோலக் கழுத்தின் நீளவாக்கில் பார்த்தால் முறுக்கம் தெரியும். முறுக்கிய கழுத்தை விட்டுவிடுங்கள். ட்ரஸ் ராட் நட்டின் முனை தேய்ந்திருந்தால் யாரோ முரட்டுத்தனம் காட்டியிருக்கிறார்கள். ஃப்ரெட்டில் கம்பி பள்ளம் வெட்டியிருந்தால் செலவு இருக்கிறது. மற்றபடி கரகரக்கும் வால்யூம், ஆடும் ஜாக், துருப்பிடித்த திருகு எல்லாம் விலை பேசுவதற்கான காரணங்கள்தாம்.

இனி மாற்றியமைப்பது. இங்கேதான் நம் வட்டாரத்துக்கும் கிட்டாருக்கும் உள்ள உறவு விநோதமாகிறது.

எலெக்ட்ரிக் கிட்டாரின் உயிர் பிக்கப். காந்தத்தைச் சுற்றி மெல்லிய எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள். அதன்மேல் இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் குலைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. அவ்வளவுதான். 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போஷாம் அமெரிக்காவில் இதைச் செய்துகாட்டினார். ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து விற்றார். எலெக்ட்ரிக் கிட்டாரைப் பெருமளவில் உற்பத்தி செய்யும் பொருளாக மாற்றியவர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற சின்ன ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். வயலின் செய்கிறவர்களைப் போல் கழுத்தைப் பசைபோட்டு ஒட்டாமல், நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். கழுத்து கெட்டால் கழற்றி வேறு போடலாம். பிக்கப்பும் வால்யூமும் கழற்றக்கூடிய தகடுகளில். 1950–51இல் டெலிகாஸ்டரும் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரும் வந்தன. ஒரு மெக்கானிக் மெக்கானிக்குகளுக்காகச் செய்த வாத்தியம் அது.

1964இல் தொடங்கிய அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றி வந்தால் இந்த வாத்தியத்துக்கு வேண்டிய எல்லா வேலையும் கண்ணில் படும். டிரான்ஸ்ஃபார்மர் சுருள் சுற்றுகிறவர்கள், எலெக்ட்ரோபிளேட்டிங், பவுடர் கோட்டிங், தாள் உலோகம் மடிப்பவர்கள், டை செய்பவர்கள், சி.என்.சி. மில்லிங். ஃப்ரெட் இடைவெளிக் கணக்கு மிக எளிது: கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃப்ரெட் கிடைக்கும். மிச்ச நீளத்தை மறுபடி வகுத்தால் அடுத்தது. ஃபெண்டர் அளவான 648 மி.மீ.க்கு முதல் ஃப்ரெட் ஏறத்தாழ 36.4 மி.மீ.யில் வரும். கார் பாகங்களை நூறில் ஒரு மி.மீ. துல்லியத்தில் கடைகிற ஊருக்கு இது கடினமே அல்ல. பக்கத்தில் ஆவடியில், 1961இல் நிறுவிய கனரக வாகனத் தொழிற்சாலையில், டாங்கியே செய்கிறார்கள்.

அப்புறம் ஏன் அம்பத்தூர் கிட்டார் என்று ஒன்று வரவில்லை? திறமை இல்லாததால் அல்ல. பட்டறைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, “எத்தனை பீஸ்?” என்பதுதான். வாகனத் தொழிலுக்கு ஆயிரக்கணக்கில் ஒரே பாகத்தை அடித்துக் கொடுத்துப் பழகியவரிடம் போய் ஒரே ஒரு பிரிட்ஜ் தகடு வேண்டும் என்றால், செட்டிங் கூலிக்குக்கூட அது கட்டுபடியாகாது. பிக்கப்புக்கு வேண்டிய கம்பி 42 கேஜ், 0.06 மி.மீ.யைச் சற்றே தாண்டும், தலைமுடியளவு. ஸ்ட்ராட் பிக்கப்பில் அதை எட்டாயிரம் சுற்றுக்குப் பக்கமாகச் சுற்ற வேண்டும். மோட்டார் வைண்டிங் கடைகள் புழங்குவது இதைவிடப் பல மடங்கு தடித்த கம்பியை. கை இழுவையில் கொஞ்சம் அழுத்தினால் இது அறுந்துவிடும். சிறு டிரான்ஸ்ஃபார்மரும் ரிலே சுருளும் சுற்றுகிறவர்கள் கைதான் இதற்குப் பொருந்தும். இரண்டு பக்கமும் சந்திக்க யாரும் முயலவில்லை என்பதே என் எண்ணம். ஐம்பது வாசிப்பாளர்கள் சேர்ந்து ஆர்டர் கொடுத்தால் கதை மாறலாம். சபைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஐம்பது பேர் பெரிய கூட்டமல்ல.

டன்லப் என்ற பெயரை இங்கே சொல்லாமல் போக முடியாது. இந்த ஊர்க்காரருக்கு டன்லப் என்றால் அம்பத்தூரில் இருந்த டயர் கம்பெனி. கிட்டார்காரர்களின் சட்டைப்பையில் கிடக்கும் பிக்கிலும் அதே பெயர் இருக்கும். அது ஜிம் டன்லப் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த வேறு கம்பெனி. டயருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 

சரி, வாசிப்பவர் கையில் இன்றே என்ன மாற்றலாம்? மின்னணு உதிரிபாகம் விற்கும் ரிச்சி தெருவுக்கு ஒருமுறை போய் வந்தால் போதும். ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம், இரட்டைச் சுருள் ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் வால்யூம் பாட், டோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர். உறுதியான ஜாக், சுவிட்ச். கெப்பாசிட்டர் விஷயத்தில் எச்சரிக்கை: ஐம்பதுகளின் எண்ணெய்க் காகிதக் கெப்பாசிட்டர் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் விற்கிறார்கள். மதிப்பு ஒன்றாக இருந்தால் டோன் சர்க்யூட்டில் சில ரூபாய்க் கெப்பாசிட்டருக்கும் அதற்கும் காது வித்தியாசம் கண்டுபிடிக்கும் என்று நான் நம்பவில்லை. முதல் செலவைக் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டிலும் கம்பியை முறுக்கும் ஆணிகளிலும் வைக்கலாம். ஸ்ருதி அங்கேதான் வழுக்குகிறது.

சபைகளில் கேட்கும் பெரிய புகார் இரைச்சல். ஒற்றைச் சுருள் பிக்கப் கம்பியின் அதிர்வோடு சேர்த்து டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றின் 50 ஹெர்ட்ஸ் முனகலையும் வாங்கிக்கொள்ளும். 1955இல் கிப்ஸன் கம்பெனியின் ஸெத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இதற்கு வழி கண்டார். ஹம்பக்கர் என்பது அதுதான். பிக்கப் மாற்ற வேண்டாம் என்றால் உட்குழியில் செம்புத் தகடு ஒட்டி அதை கிரவுண்டோடு சேர்க்கலாம். ஆனால் அதற்கு முன் பார்க்க வேண்டியது கட்டடத்தின் எர்த்திங். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது என்பதை வைத்து எர்த்திங் சரி என்று எண்ண வேண்டாம். வாசிப்பவரின் உடம்புதான் அங்கே திரையாக வேலை செய்கிறது. எர்த் இல்லாத பிளக்கில் ஆம்ப்ளிஃபையரும் வேறொரு லைனில் மைக்கும் இருந்து, கையில் கிட்டார் கம்பியும் உதட்டில் மைக்கும் பட்டால் ஆபத்து. 1972இல் ஸ்டோன் த க்ரோஸ் என்ற ஸ்காட்லாந்து பாண்டின் கிட்டாரிஸ்ட் லெஸ் ஹார்வி, வேல்ஸில் ஸ்வான்ஸி மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு உயிரிழந்தார். புதிய பிக்கப்புக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை எலெக்ட்ரீஷியனுக்குக் கொடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மாற்றியமைப்பது என்ற கலையில் தமிழ்நாட்டின் மிகப்பெரிய சாதனை கிட்டாரில் நடக்கவில்லை, அதன் தம்பியான எலெக்ட்ரிக் மாண்டலினில் நடந்தது. அதைச் செய்த யு. ஸ்ரீனிவாஸ் 1969இல் பாலகொல்லுவில் பிறந்து சென்னையில் வாழ்ந்து 2014இல் மறைந்தவர். மாண்டலினில் நான்கு ஜோடிக் கம்பிகள். மீட்டிய கணத்தில் ஒலி செத்துவிடும். இரட்டைக் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து கமகம் பிடிப்பது துன்பம். அவர் ஜோடிகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளுக்குப் போனார். பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும் ஒலியை நீட்டிக் கொடுத்தன. ஒலி நீண்டால்தான் ஒரு மீட்டலுக்குள் மூன்று நான்கு ஸ்வரங்களை வளைக்க முடியும். மின்சாரம் இல்லாமல் அந்த இசை இல்லை. ராணிப்பேட்டைக்காரரான ஆர். பிரசன்னாவுடையது இன்னொரு வழி: ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்தவர், வழக்கமான எலெக்ட்ரிக் கிட்டாரிலேயே கர்நாடக இசையை முழுதாக வாசிக்கிறார்.

வேறொரு வழியும் இருக்கிறது. 1975ஐ ஒட்டிய சக்தி குழுவில் விக்கு விநாயக்ராமோடும் எல். சங்கரோடும் வாசித்த ஜாஸ் கிட்டாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின், ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரம் குடையப்பட்ட கிட்டாரை வைத்திருந்தார். விரல் மரத்தைத் தொடாமல் கம்பியை மட்டும் அழுத்தவும் இழுக்கவும் முடிவதால் கமகம் எளிதாகிறது. தேன்மெழுகின்மேல் மெட்டுகள் உயர்ந்து நிற்கும் வீணையில் நம்மவர்கள் எப்போதோ கண்ட வசதி அது. மலிவான கழுத்தொன்றில் அரத்தைப் பொறுமையாக ஓட்டி இதைச் செய்து பார்க்கலாம். விலை கூடின கழுத்தில் கை வைக்காதீர்கள். குடைந்த மரம் திரும்ப வராது.

சேகரிப்பவர்களின் உலகம் இதற்கு நேரெதிர். அங்கே எதையும் தொடக்கூடாது. 1965இல் சி.பி.எஸ். கம்பெனி ஃபெண்டரை வாங்கியதற்கு முந்தைய கிட்டார்களுக்கு ஒரு விலை, பிந்தையவற்றுக்கு வேறு விலை. 1958 முதல் 1960 வரை வந்த கிப்ஸனின் சன்பர்ஸ்ட் லெஸ் பால்கள் வீட்டு விலைக்கு விற்கின்றன. ஒரு திருகு மாறியிருந்தாலும் மதிப்பு இறங்கும். ஆனால் வேடிக்கை என்னவென்றால் ஏலத்தில் சாதனை படைத்தவற்றில் பல, கண்டபடி பிரித்து மேயப்பட்டவை. ராக் கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் 1970இல் நாஷ்வில்லில் பழைய ஸ்ட்ராட் ஆறை மலிவாக வாங்கி, மூன்றை நண்பர்களுக்குக் கொடுத்து, மிச்ச மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்கினார். அந்த ‘பிளாக்கி’ 2004இல் 9,59,500 டாலருக்குப் போனது. இன்னொரு ராக் கிட்டாரிஸ்ட் டேவிட் கில்மரின் கறுப்பு ஸ்ட்ராட்டில் பிக்கப், கழுத்து, சுவிட்ச் எல்லாம் காலப்போக்கில் மாறின. 2019இல் அதன் விலை 39.75 லட்சம் டாலர். மாற்றியவர் யார் என்பதுதான் அங்கே கணக்கு.

நமக்கு அந்தச் சந்தையில் இடமில்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இங்கிருந்து ஒரு அமெரிக்கப் பழங்கிட்டாரை வரவழைப்பவர் தீர்வையும் வரியும் கட்டி, உண்மையா போலியா என்று கேட்க ஆளில்லாமல், கொண்டுவந்து நம் ஈரக்காற்றில் வைக்கிறார். விரல்பலகை மரத்திலும் கண் வைக்க வேண்டும். நீலகிரி, ஆனைமலைக் காடுகளின் ஈட்டி மரம்தான் பிரேசில் ஈட்டி அரிதான பிறகு உலகமெங்கும் கிட்டார்களில் ஏறியது. தமிழ்நாட்டில் அதைக் காக்க 1994இலேயே தனிச்சட்டம் வந்தது. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, ஃபெண்டரே மெக்ஸிகோ கிட்டார்களில் வேறு மரத்துக்கு மாறியது. முடிந்த வாத்தியங்களுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு கிடைத்தது. பிரேசில் ஈட்டிக்கு அந்த விலக்கும் இல்லை. அறுபதுகளின் கிட்டார் வாங்குகிறவர் அதற்கான அனுமதித் தாளைக் கேட்டு வாங்க வேண்டும்.

இந்தப் பகுதியில் சேகரிக்க ஆசைப்படுகிறவருக்கு யாரும் போட்டிக்கு வராத ஒரு களம் திறந்து கிடக்கிறது: கல்கத்தாவின் கிவ்சன், ஹோப்னர் எலெக்ட்ரிக்குகள், இந்தியாவில் செய்த ஸ்கொயர் II, லைட் மியூசிக் குழுக்கள் சொந்தமாகப் பிக்கப் பொருத்தி வாசித்தவை. பெரும்பாலானவை பரணில் கிடக்கின்றன, அல்லது பழைய சாமான்காரரிடம் போய்விட்டன. இவற்றை அசலாக்கிவிட வேண்டும் என்ற ஆர்வத்தில் பழைய பிக்கப்பையும் கைவேலைத் தகட்டையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அந்தக் கைவேலைதான் இங்கே சேகரிக்கத் தக்கது. எந்தக் குழுவில், எந்த ஆண்டு, யார் சுற்றிய சுருள் என்று வாசித்தவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் இப்போது எழுபதைத் தாண்டுகிறார்கள். விற்பதற்காகப் புதுப்பிக்கிறீர்கள் என்றாலும் கழற்றியதை ஒரு பையில் போட்டு உறையிலேயே வைத்திருந்தால் விலை இறங்காது.

பாதுகாப்பில் இரண்டு எதிரிகள். ஒன்று ஏ.சி. அறைக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். ஈரப்பதம் 45–55 சதவீதத்தில் நின்றால் மரம் அமைதியாக இருக்கும். இரவெல்லாம் ஏ.சி., பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்றால் விரல்பலகை சுருங்கி ஃப்ரெட்டின் முனைகள் உள்ளங்கையைக் கிழிக்கும். பெட்டிக்குள் வைத்து மூடி, சிலிக்கா பையையும் போட்டுவிட்டால் பெரும்பாலும் சமாளிக்கலாம். இன்னொன்று வெள்ளம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடிப் பகுதிகளிலும் தண்ணீர் நின்றதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். கட்டிலடியில் கிட்டார் வைக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, அக்டோபர் பிறக்கும்போதே லாஃப்டுக்கோ சுவர் கொக்கிக்கோ ஏற்றிவிட வேண்டும். அப்படியும் நனைந்துவிட்டால் வெயிலில் வைக்காதீர்கள், ஹேர் டிரையர் பிடிக்காதீர்கள். கம்பிகளைத் தளர்த்திக் கழற்றி, பின்தகட்டின் நான்கு திருகாணிகளை எடுத்து, கழுத்தையும் உடலையும் தனித்தனியாக நிழலில் சாய்க்காமல் படுக்கவைத்து இரண்டு மூன்று வாரம் உலர விடுங்கள். பாட்டும் சுவிட்சும் சேற்றுத்தண்ணீர் பட்டிருந்தால் மாற்றிவிடலாம், விலை அற்பம். பிக்கப்பை மட்டும் நல்ல தண்ணீரில் அலசி, நன்றாக உலர்ந்த பிறகு மல்ட்டிமீட்டரில் ஓம் பாருங்கள்: ஸ்ட்ராட் பிக்கப்பில் ஆறு கிலோ ஓம் பக்கம் காட்டினால் சுருள் தப்பிவிட்டது. முள் அசையவே இல்லையென்றால் உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது. மறுபடி சுற்ற ஆள் தேட வேண்டும்.